காரணம் சொல்லாமல் விலகலாம்

அமலுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவுகள் மூன்றையும் கேட்டுவிட்டேன். அந்தப் பட்டியலையும் பார்த்தேன். எந்த ஊரில் எந்த மருந்தைச் சோதனை செய்கிறார்கள், அதில் அப்பாவைச் சேர்த்துக்கொள்வார்களா மாட்டார்களா என்று பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் கொடுத்துப் பதினொரு வரி எழுதியிருக்கிறாய். மஸ்கட்டில் பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறாய் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கிறது. போனில் என்றால் நீ பேசிக்கொண்டே போவாய், நான் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிடுவேன். இது சரிப்பா போட்டு முடிக்கிற காரியம் இல்லை. அதனால் தாளில் எழுதுகிறேன், முடிந்ததும் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் முப்பது வருடம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் படித்து என் கையெழுத்தும் அப்படியே ஆகிவிட்டது. பொறுமையாகப் படி. நானும் பொறுமையாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, அரைப் பக்கத்துக்கு ஒருமுறை படுத்து எழும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு எழுத முடியவில்லை. போன மாதம் நீ நம் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தது எனக்குத் தெரியும். ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட் வாங்கப் போன அன்றைக்கு அந்தப் பிள்ளை கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "ஐயா, உங்க மகன் பேசினாரு. எல்லாத்தையும் உங்ககிட்ட சொல்ல வேண்டாம், மனசு விட்டுருவாங்கன்னு சொல்லுதாரு. நீங்க என்ன சொல்லுதீங்க?" என்று கேட்டது. என்னிடமே கேட்டது. "நோய் எனக்கா அவனுக்கா?" என்றேன். சிரித்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னது. குதிகாலில் ஆபரேஷன் செய்து எடுத்த மெலனோமா என்கிற அந்தத் தோல் புற்றுநோய் நுரையீரலில் மூன்று இடத்தில் புள்ளியாக உட்கார்ந்திருக்கிறது. அடியோடு போக்கிவிடுவோம் என்று யாரும் இப்போது சொல்ல மாட்டார்கள், கட்டுப்படுத்திப் பார்க்கலாம், சிலருக்கு நீண்ட நாள் கட்டுப்படுகிறது, பலருக்குக் கட்டுப்படுவதில்லை. இவ்வளவுதான் விஷயம். கேட்டுவிட்டு வெளியே வந்து தச்சநல்லூர் பஸ் பிடித்து, ஜன்னலோரம் இடம் கிடைத்து, வீட்டுக்கு வந்து சோறு வடித்துச் சாப்பிட்டேன். மனசு விடவில்லை. நீ மறைத்திருந்தால்தான் விட்டிருக்கும்.

உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். அதற்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன்னால் அந்தக் குதிகால் கதையை ஒழுங்காக ஒருமுறை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நீ அதைத் தப்பாகத் தூக்கிச் சுமக்கிறாய். "எனக்காக நடந்துதானப்பா இப்படி ஆச்சு" என்று இரண்டாவது பதிவில் அழுகிறாய். அழாதே. உனக்கு வேலை கிடைக்காமல் வீட்டில் கிடந்த அந்த வருடம் நான் நேர்ச்சை போட்டு, காவி உடுத்தி, செருப்பில்லாமல் இரண்டு நாள் நடந்து கடற்கரை அந்தோணியார் கோயிலுக்குப் போனேன். நம் ஆட்கள் காலங்காலமாகப் போகிற நடைதான். தார் ரோட்டில் கால் பொத்துப் போனது. திரும்பி வந்து கொப்புளமெல்லாம் ஆறின பிறகு வலது குதிகாலில் மட்டும் கறுப்பாக ஒரு திட்டு நின்றது. ரத்தம் கட்டினது என்று நினைத்தேன். இரண்டே மாதத்தில் உனக்கு விசா வந்தது. அவ்வளவுதான், அந்தத் திட்டுக்கு மவுசு வந்துவிட்டது. கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் காலைத் தூக்கிக் காட்டி, "அந்தோணியார் முத்திரை குத்தி அனுப்பிருக்காரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நீயும் கிளம்பும்போது குனிந்து அதைத் தொட்டுவிட்டுப் போனாய், ஞாபகம் இருக்கும்.

ஒன்றரை வருடம் அப்படி இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டு முப்பது வருடம் களிம்பும் மாத்திரையும் எடுத்துக் கொடுத்தவன் நான். என் கவுண்டருக்கு யாராவது அப்படி ஒரு காலோடு வந்திருந்தால், "போய் டாக்டரைப் பாரும்வே" என்று விரட்டியிருப்பேன். என் காலுக்குக் கால் ஆணிப் பட்டை வாங்கி ஒட்டினேன். ரத்தம் கசிந்தபோது மருந்து ஊற்றித் துணி சுற்றினேன். நேர்ச்சை கொடுத்த அடையாளத்தைப் போய் டாக்டரிடம் காட்டுவது வாங்கின வரத்தைச் சந்தேகப்படுகிற மாதிரி இருந்தது, அதுதான் உண்மை. கடைசியில் சர்க்கரைக்குக் காட்டப் போன இடத்தில் கால் பரிசோதிக்கிற நர்ஸம்மா காலைப் பிடித்தவள் விடவே இல்லை. "இது என்ன அண்ணாச்சி, எத்தன நாளா இருக்கு?" என்றாள். நான் வழக்கம்போல முத்திரைக் கதையை ஆரம்பித்தேன். "முத்திரைன்னா குத்துன இடத்துல கெடக்கணும்லா? இது ஓரமெல்லாம் பிசிறு பிசிறா பரவிக்கிட்டு வருது. நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போங்க, எம்மேல ஆணை" என்றாள். போனேன். மிச்சம் உனக்குத் தெரியும். குதிகாலைத் தோண்டி எடுத்து, தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். நடந்ததால் இது வருவதில்லை என்று டாக்டரம்மா தெளிவாகச் சொன்னது. உள்ளங்காலில் வருகிற இந்த வகை வெயிலாலும் வருவதில்லையாம், ஏன் வருகிறது என்று அவர்களுக்கே முழுக்கத் தெரியாதாம். நோய் என் நடையால் வரவில்லை, தாமதம் என் பெருமையால் வந்தது. உன் பங்கு இதில் ஒரு துளியும் கிடையாது. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான், குளிக்கும்போது உன் உள்ளங்காலை நீயே திருப்பிப் பார். பேத்திக்குக் கால் தேய்த்துவிடும்போதும் பார். பயப்படாமல் பார்.

இப்போது உன் பட்டியலுக்கு வருவோம். பதினொன்றில் எட்டு வெளிநாட்டில். அதை அழித்துவிடு, நான் இந்தக் காலை இழுத்துக்கொண்டு கடல் தாண்ட மாட்டேன். இரண்டு மாத்திரை வகை. கட்டியில் குறிப்பிட்ட ஒரு மரபணு மாற்றம் இருந்தால்தான் அந்த மாத்திரை பேசும், என் கட்டியைச் சோதித்ததில் அது இல்லை என்று வந்துவிட்டது. மிச்சம் இருப்பது சென்னையில் நடக்கிற அந்த ஒரு ஆய்வு. ஆக எனக்கு முன்னால் கிடப்பது மூன்று வழி. ஒன்று, இங்கேயே திருநெல்வேலியில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றிக்கொள்கிற மருந்து. அதைப் பற்றி டாக்டரம்மா சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "உங்க உடம்புல காவக்காரன் இருக்கான் ஐயா, இந்த நோய் அவனைக் கட்டிப் போட்டிருக்கு. மருந்து கட்டை அவுத்து விடும். ஆனா அவுத்து விட்டவன் சில சமயம் வீட்டுக்காரனையும் சேத்து அடிச்சிருவான்" என்றது. குடல், ஈரல், தைராய்டு எதையும் அடிக்கலாம், பெரும்பாலும் சமாளித்துவிடலாமாம். இரண்டு, சென்னை ஆய்வு. எல்லோருக்கும் அதே மருந்து உண்டு. பாதிப் பேருக்கு அதோடு புதிதாக ஒன்றையும் சேர்த்துக் கொடுப்பார்கள், மீதிப் பேருக்கு அந்த இடத்தில் வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் தீர்மானிக்கும், டாக்டருக்கும் தெரியாது. மூன்றாவது, எதையும் ஏற்றாமல் வலி வந்தால் வலிக்கு, மூச்சு முட்டினால் மூச்சுக்கு மருந்து வாங்கிக்கொண்டு வீட்டில் இருப்பது. உன் பட்டியலில் இந்த மூன்றாவதுக்கு வரியே இல்லை. நிறமும் இல்லை. அதுவும் ஒரு வழிதான் அமல். டாக்டரம்மா அதையும் மற்ற இரண்டைச் சொன்ன அதே குரலில்தான் சொன்னது.

போன வாரம் சென்னைக்குப் போய்வந்தேன். உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் ஒரு மணிக்கொரு தடவை போன் வரும். ரயிலில் போய் ரத்தம் கொடுத்தேன். அந்த ஆய்வுக்கு நான் தகுதிதானா என்று பார்த்துவிட்டு, நர்ஸ் ஒரு கத்தைத் தாளைக் கையில் கொடுத்தார். ஒப்புதல் படிவம். "வீட்டுக்குக் கொண்டு போய் மெதுவா படிங்க சார், அவசரமே இல்ல. அடுத்த வியாழக்கிழமை வந்து சந்தேகமெல்லாம் கேளுங்க, சம்மதம்னா கையெழுத்துப் போடலாம்" என்றார். கையெழுத்துப் போடும்போது வீடியோவும் எடுப்பார்களாம், புரிந்துதான் போடுகிறேனா என்று பார்க்க. காத்திருக்கும் கூடத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் என் பையில் இருந்த கடைப் பெயரைப் பார்த்து, "எங்கன, நம்ம ஊருப் பக்கமா?" என்று கேட்டார். கல்லிடைக்குறிச்சிக்காரர், அரிசி வியாபாரம், அவருக்குக் கால் கட்டைவிரல் நகத்துக்குக் கீழே வந்திருந்தது. ஐந்து மாதமாக இதே ஆய்வில் இருக்கிறார். உடனே வேட்டி நுனியைத் தூக்கி விரல் இல்லாத காலைக் காட்டினார், நானும் செருப்பைக் கழற்றிக் குதிகாலைக் காட்டினேன். எதிரே இருந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"உங்களுக்குப் புது மருந்து விழுந்துதா, உப்புத் தண்ணியா?" என்று கேட்டேன். "யாருக்குவே தெரியும். சீட்டுக் குலுக்கிப் போட்ட கத. வீட்டுக்காரி அது நிச்சயம் புது மருந்துதாங்கா. மகன் தண்ணியா இருக்குமோன்னு தூங்க மாட்டேங்கான். நான் எதையும் நெனைக்கது இல்ல, வாரேன், ஏத்துதாங்க, போவுதேன்" என்றார். "புள்ளி சுருங்கிருக்கா?" என்றேன். "ஒண்ணு சுருங்கிருக்கு, ஒண்ணு அப்படியே கெடக்கு. வயிறுதான் சரியில்ல, ஒரு நாளைக்கு எட்டு மட்டம் போவுது. ஆனா ஒண்ணு சொல்லுதேன் கேட்டுக்கிடும். ஊசிக்கு வந்தா அசதி இல்ல, மத்தவங்க மூஞ்சியப் பாத்துப் பாத்துத்தான் அசதியா வருது" என்றார். அதற்குள் அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், பைய எழுந்து போனார். அவர் சொன்ன கடைசி வாக்கியம் ரயிலில் திருநெல்வேலி வரைக்கும் என்னோடு வந்தது.

படிவத்தை நான்கு நாளாகப் படித்தேன். இருபத்திரண்டு பக்கம், தமிழ்தான், ஆனால் யாரும் பேசாத தமிழ். பக்க விளைவு மட்டும் நான்கு பக்கம். முப்பது வருடமாக மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிற அந்த மெல்லிய தாளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, சாப்பிட்டு" என்று மட்டும் சொல்லி அனுப்பினவன் நான். கேள்வி கேட்டவர்களிடம் வள்ளென்று விழுந்திருக்கிறேன். இப்போது அந்தத் தாளையே உட்கார்ந்து எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்திருக்கிறது காலம். நல்லதுதான். படித்ததில் எனக்கு ஒன்று புரிந்தது. கட்டை அவிழ்க்கிற அந்த மருந்தை அதிகமாகச் சோதித்தது வெள்ளைக்காரர்களுக்கு வெயிலால் தோலில் வருகிற வகையில். நம்மைப் போன்றவர்களுக்கு உள்ளங்காலிலும் நகத்துக்கடியிலும் வருகிற வகைக்கு அது அவ்வளவாகக் கேட்பதில்லை, ஏன் கேட்கவில்லை என்று பார்க்கத்தான் இந்த ஆய்வு. செருப்பில்லாமல் நடக்கிற ஊர்க்காரன் கால் ஒன்று அந்தக் கணக்கில் இருக்கட்டுமே என்று தோன்றியது. எனக்குப் பிரயோஜனப்படுமா என்று தெரியாது. அப்படித் தெரியாது என்பதைப் படிவத்தின் மூன்றாம் பக்கத்திலேயே அவர்களே எழுதியிருக்கிறார்கள், அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. அதனால் கையெழுத்துப் போடலாம் என்ற பக்கம்தான் மனம் சாய்கிறது. நீ சந்தோஷப்படுவாய். கொஞ்சம் பொறு.

மூன்றாவது பதிவில் நீ, "அம்மா மாதிரி இருங்கப்பா. அம்மா கடைசி மூச்சு வரைக்கும் விட மாட்டேன்னு சொன்னாங்கள்ல" என்கிறாய். இதைக் கேட்டபோதுதான் நான் எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்தேன். அமல், அம்மா அப்படிச் சொல்லவில்லை. அது நான் சொன்ன பொய். அவள் போன அன்றைக்கு நீ பெங்களூரில் இருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாய், வழியில் போன் செய்து "அம்மா என்னப்பா சொன்னாங்க கடைசியா?" என்று கேட்டாய். சொல்வதற்கு என்னிடம் நல்ல வார்த்தை எதுவும் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். நீ அதை நினைவுப் பூசையில் எழுந்து நின்று சொன்னாய், உன் கல்யாணத்தில் சொன்னாய், இப்போது என்னிடமே திருப்பிச் சொல்கிறாய். ஆறு வருடமாக அந்தப் பொய் நம் வீட்டில் அவள் படத்துக்குக் கீழே மெழுகுவர்த்தி மாதிரி எரிந்துகொண்டிருக்கிறது. நானும் அணைக்கவில்லை.

நடந்தது இதுதான். அவளுக்கு வயிற்றில் வந்தது புற்றுநோய் என்று அவளிடம் நான் சொல்லவே இல்லை. வெறும் கட்டி, கரைக்கிற மருந்து ஏற்றுகிறார்கள் என்றேன். அவள் எட்டாம் வகுப்பு, அதனால் டாக்டர்களை இங்கிலீஷில் பேசச் சொல்லி நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன், அவள் என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முடி கொட்டின இருபது பெண்களோடு ஒரே வார்டில் படுத்திருந்தவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும். மருந்து ஏற்ற மதுரைக்குப் போகிற ஒரு காலையில், புது பஸ் ஸ்டாண்டில், "இன்னைக்குப் போவாண்டாம்ங்க. வாயெல்லாம் புண்ணா இருக்கு, எச்சி முழுங்க முடியல" என்றாள். நான், "ஏன், அதுக்குத்தான் களிம்பு இருக்குல்லா, வாங்கித் தாரேன்" என்று கையைப் பிடித்து ஏற்றினேன். அடுத்த தடவை வீட்டில், அடுப்படியில் நின்றுகொண்டு, "இனி வேண்டாம்ங்க. அம்மா வீட்டுல போயி ஒரு பத்து நாளு கடல் சத்தத்தக் கேட்டுக்கிட்டுக் கெடக்கேன்" என்றாள். நான், "ஏன், கடல் எங்க ஓடியா போவுது? கோர்ஸ் முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். மூன்றாவது முறை வார்டில். அப்போது அவளிடம் காரணம் எதுவும் இல்லை. "எனக்கு வேண்டாம்" என்று மட்டும் சொன்னாள். நான் அப்போதும், "ஏன்?" என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் போய்விட்டாள், கையில் ஊசியோடு. என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அந்த "எனக்கு வேண்டாம்"தான்.

நான் அவளைக் கொடுமைப்படுத்தவில்லை அமல். அவள் இல்லாத வீட்டை நினைக்கப் பயந்தேன். அந்தப் பயத்துக்கு மருந்து அவள் கையில் ஏறிக்கொண்டிருந்தது. இப்போது உன் பயத்தை நான் கேட்கிறேன், வீட்டை விற்போம் என்கிறாய், லீவு போட்டு வருகிறேன் என்கிறாய், டாக்டரிடம் மறைக்கச் சொல்கிறாய். உன்னைக் குறை சொல்ல முடியவில்லை, நான் கற்றுக்கொடுத்ததைத்தான் செய்கிறாய். உன் அம்மாவைத் தைரியசாலி என்று நீ நினைத்திருந்ததை உன்னிடமிருந்து பிடுங்குகிறேன் என்று கோபம் வரும். வரட்டும். ஆனால் யோசித்துப் பார், நல்ல நாளிலேயே என்னிடம் குரல் உயர்த்தாத பெண், அந்த உடம்போடு மூன்று முறை வேண்டாம் என்று சொன்னாள். அதற்குத் தைரியம் வேண்டாமா? அதையும் நான் மறைத்துவிட்டேன், அதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

படிவத்தில் பதினாறாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் பென்சிலால் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன். "பங்கேற்பாளர் எந்த நேரத்திலும், எந்தக் காரணமும் தெரிவிக்காமல், இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம், இதனால் அவருக்குக் கிடைக்கும் மற்ற சிகிச்சை பாதிக்கப்படாது." முன்பின் தெரியாத யாரோ நான்கு பேர் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து எனக்கு எழுதிக் கொடுத்திருக்கிற இந்த வாக்கியத்தை, இருபத்தெட்டு வருடம் கூட வாழ்ந்த நான் அவளுக்குக் கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை சென்னையில் இருப்பேன். ஊசி ஏறட்டும், வயிறு போகட்டும், தம் கட்டுகிற வரைக்கும் கட்டுவேன், சாவதற்கு எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை. பேத்தி வளர்ந்து கோயிலில் முதல் நன்மை வாங்குவதைப் பார்க்க ஆசை இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த வரியைக் கொடுத்துவிட்டால் போதாது, எனக்கு அது வீட்டிலிருந்தும் வேண்டும். நான் நிறுத்தச் சொல்லும் நாளில் நீ ஏன் என்று கேட்க மாட்டாய் என்று எழுதி அனுப்பு. குரல் பதிவு வேண்டாம், அதில் அழுதுவிடுவாய். எழுத்தில், ஒரே வரி. புதன்கிழமைக்குள் வந்தால் ரயில் ஏறுவேன். வராவிட்டால் அந்தப் படிவத்தை மடித்துத் திருப்பி அனுப்பிவிட்டு மூன்றாவது வழியில் இருந்துகொள்கிறேன், அதற்கு யார் கையெழுத்தும் தேவையில்லை.

யோசித்து எழுது. உன் அம்மா மூன்று முறை சொல்லிப் பார்த்தாள். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, நான் ஒரு முறைதான் சொல்வேன்.

அப்பா